குடகனாற்று வெள்ளமும் நமது கடமையும்



வறட்சிக்குப் பேர்போன நமது திண்டுக்கல் சமவெளியும் பெருவெள்ளத்தைக் கண்டதுண்டு. 1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்குத் தெற்கே கரையேறிய கடும்புயல், தமிழகத்தின் உட்பகுதியைக் கடந்து மறுநாள் அரபிக்கடலை அடைந்தது. அப்புயலில் 560 பேர் உயிரிழந்தனர். சுமார் 10 இலட்சம் மக்கள் வீடிழந்தனர். 23,000 கால்நடைகள் மடிந்தன. திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது.

வேடசந்தூரை அடுத்த அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே அவ்வாண்டில்தான் மண் அணை கட்டி முடிக்கப்பட்டிருந்தது. ஆற்றுப்படுகையிலிருந்து அதன் உயரம் 11.45 மீட்டர். வெள்ளம் பெருகியபோது மின்சாரம் தடைப்பட்டதால் மதகுகளை ஓரளவே திறக்க முடிந்தது. ஊழியர்கள் ஜெனரேட்டரை இயக்கியும், பின்னர் கைகளாலேயே உயர்த்தியும் பார்த்தனர், பயனில்லை. கரைக்கு மேல் வழிந்த நீர் பின்சரிவை அரித்து, 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை அகலமான உடைப்புகளைப் பல இடங்களில் ஏற்படுத்தியது.

ஒரே வாரத்தில், நவம்பர் 19 அன்று, ஆந்திரக் கடற்கரையைத் தாக்கிய மற்றொரு புயல் திவிசீமைப் பகுதியில் ஆயிரக்கணக்கானோரைப் பலி கொண்டது. நாட்டின் கவனம் அங்கே திரும்பியது இயல்பே. புதிய துயரம் பழைய துயரத்தை மறைத்துவிடுகிறது. ஆனால் வெள்ளம் வடிந்த பின்னரே உழவரின் சோதனை தொடங்குகிறது. வயலை மணல் மூடிக் கிடக்கும், விதை இராது, உழவு மாடு இராது, வாங்கிய கடன் மட்டும் மிஞ்சி நிற்கும்.

முதல் நாள்களின் உதவியில் நம் சமுதாயம் என்றும் பின்தங்கியதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவ்வெள்ளத்தின்போது செய்துங்கநல்லூர்ப் பள்ளிவாசல், வீடிழந்த இந்துக் குடும்பங்களுக்குத் தன் கதவைத் திறந்து தங்க இடமும் உணவும் அளித்தது. 2015 சென்னை வெள்ளத்திலும் பள்ளிவாசல்கள் மதம் பாராது மக்களைக் காத்தன.

எனினும், சோற்றுப் பொட்டலத்தோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடனாளியையும் மார்க்கம் சேர்த்திருப்பதை எண்ணிப் பார்ப்போம். வெள்ள நிவாரணத்திற்கெனத் திரட்டும் ஸதகா நிதியில் ஒரு பங்கை மூன்றாம் மாதத்திற்கும் ஆறாம் மாதத்திற்குமென ஒதுக்கி வைப்போம். விதை, கறவை மாடு, தையல் இயந்திரம், பள்ளிக் கட்டணம் ஆகியவை அப்போதுதான் தேவைப்படும். 1977 வெள்ளத்தைக் கண்ட மூத்தவர்களின் நினைவுகளையும் எழுதி வைப்போம். அடுத்த தலைமுறைக்கு அவை எச்சரிக்கையாக அமையும்.

வல்ல இறைவன் நம் பணிகளை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.