ஏற்கெனவே குடிமக்கள்: கனடாவின் வம்சாவளிக் குடியுரிமையும் காத்திருப்பும், 1947–2025

கனடியக் குடியுரிமை உள்ள தாய்க்கோ தந்தைக்கோ வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை, பெரும்பாலும் பிறந்த கணமே கனடியக் குடிமகன். யாரும் அதை மனமிரங்கிக் கொடுக்க வேண்டியதில்லை. பெற்றோர் அனுப்பும் மனு குடியுரிமைச் சான்றிதழுக்கானதே தவிர, குடியுரிமைக்கானது அல்ல. நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் கேப் பிரெட்டன் தீவில் சிட்னி என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அங்குள்ள அலுவலகம் அந்த மனுவைப் பரிசீலித்து, முன்பே உண்மையாக இருப்பதை உண்மைதான் என்று எழுதித் தருகிறது. கட்டணம் 75 டாலர். அந்தத் தாளுக்காகக் குடும்பங்கள் மாதக்கணக்கில் காத்திருக்கின்றன. கொரோனாவை ஒட்டிய ஆண்டுகளில் இந்தக் காத்திருப்பு ஓராண்டையும் தாண்டிப்போனது.

பிறக்கும்போதே கிடைத்துவிட்ட ஒன்றுக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கான விடை கனடியக் குடியுரிமைச் சட்டத்தின் ஏறத்தாழ 80 ஆண்டு வரலாற்றில் இருக்கிறது. அந்தச் சட்டம் ‘கேட்டுப் பெறுவது’ என்ற நிலையிலிருந்து ‘தானாக வருவது’ என்ற நிலைக்குப் படிப்படியாக நகர்ந்தது. அதனால் காத்திருப்பு குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. முன்பு பிள்ளையின் தகுதியை விசாரித்த அரசு, பின்னர் பெற்றோரின் கடந்த காலத்தை விசாரிக்கத் தொடங்கியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரண்டு ஆண்டுக் கெடு

1947 ஜனவரி 1 வரை சட்டத்தின் கண்ணில் ‘கனடியக் குடிமகன்’ என்று ஒருவர் முழுமையாக இருக்கவில்லை. எல்லோரும் பிரிட்டிஷ் பிரஜைகள். அன்று நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் அமைச்சர் பால் மார்ட்டின். இரண்டு நாள் கழித்து, ஆட்டவா உச்ச நீதிமன்றக் கட்டடத்தில் நடந்த விழாவில், பிரதமர் மெக்கன்சி கிங் முதல் எண் கொண்ட சான்றிதழைப் பெற்றுக்கொண்டார். நாட்டின் பிரதமரே வரிசையில் நின்று தாள் வாங்கினார் என்பது வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் மனநிலையை அந்தக் காட்சி சரியாகவே காட்டுகிறது: குடியுரிமை என்பது பதிவேட்டில் ஏற வேண்டிய ஒன்று.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பதிவேடுதான் எல்லாம். திருமண உறவில் பிறந்திருந்தால் தந்தை கனடியராக இருக்க வேண்டும். திருமணத்துக்கு வெளியே பிறந்திருந்தால் தாய். பிறப்பை இரண்டு ஆண்டுகளுக்குள் தூதரகத்திலோ அமைச்சகத்திலோ பதிய வேண்டும். அதோடு விட்டதா என்றால் இல்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து வேறு நாட்டிலேயே இருந்தால், குறிப்பிட்ட வயதுக்குள் ‘நான் கனடியனாகவே இருக்க விரும்புகிறேன்’ என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டும். இந்த வயது வரம்பு பிற்பாடு 24 ஆக இருந்தது. இப்படி ஒரு விதி இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதி நினைவூட்டும் வழக்கமும் அரசுக்கு இருக்கவில்லை.

இதன் விளைவுக்குத் துல்லியமான சாட்சி ஜோ டெய்லரின் வழக்கு. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இருந்த கனடியப் படைவீரர் ஒருவருக்கும் ஆங்கிலேயப் பெண்ணுக்கும் 1944 டிசம்பரில் பிறந்தவர் அவர். 1946இல் தாயுடன் கனடாவுக்குக் கப்பலில் போனார். பெற்றோரின் மணவாழ்க்கை முறிந்ததும் தாயோடு இங்கிலாந்து திரும்பினார். முதுமையை நெருங்கும் வயதில் கனடியன் என்ற சான்று கேட்டபோது, 24 வயதுக்குள் எழுதிக் கொடுக்கத் தவறியவர் என்று கைவிரித்தார்கள். 2006இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. கடைசியில் அமைச்சரின் சிறப்பு அதிகாரத்தின் கீழ் குடியுரிமை வழங்கப்பட்டது. ‘தொலைந்த கனடியர்கள்’ என்று இத்தகையோருக்கு ஒரு பெயரே உண்டு. அவர்களுக்காகப் பல ஆண்டுகள் நாடாளுமன்றப் படிகளை ஏறி இறங்கியவர் டான் சாப்மன் என்ற விமானி. அவரே வான்கூவரில் பிறந்தும், சிறுவயதில் தந்தை அமெரிக்கக் குடியுரிமை பெற்றதால் தன் குடியுரிமையை இழந்தவர்.

தாய் வழி

1977 பிப்ரவரி 15 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இரண்டு பெரிய மாற்றங்களைக் கொண்டுவந்தது. அன்றோ அதன் பின்னரோ வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவர் கனடியராக இருந்தால் போதும். பதிவு தேவையில்லை, பிறப்பே போதும்.

ஆனால் அதற்கு முன் கனடியத் தாய்க்கும் வெளிநாட்டுத் தந்தைக்கும் திருமண உறவில் பிறந்தவர்களைச் சட்டம் வேறு வாசலில் நிறுத்தியது. தந்தை வழியில் வந்தவர் பதிவு செய்தால் முடிந்தது. தாய் வழியில் வந்தவரோ புதிதாகக் குடியேறியவரைப்போல விண்ணப்பித்து, குற்றப் பின்னணிச் சோதனைக்கு உட்பட்டு, உறுதிமொழியும் எடுக்க வேண்டும். 1962இல் அமெரிக்காவில் பிறந்த மார்க் பென்னர் இந்த வாசலில்தான் மாட்டிக்கொண்டார். அவர்மீது கிரிமினல் வழக்குகள் இருந்ததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தந்தை கனடியராக இருந்திருந்தால் அந்த வழக்குகளைப் பற்றி யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். 1997இல் உச்ச நீதிமன்றம், இது பெற்றோரின் பாலினத்தை வைத்துப் பிள்ளையைப் பாரபட்சமாக நடத்துவது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

பென்னர் அனுதாபத்துக்குரிய மனுதாரர் அல்லர். அதனாலேயே இந்தத் தீர்ப்பை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். பிள்ளையின் நடத்தை எப்படிப்பட்டது என்ற கேள்வியே வம்சாவளிக் குடியுரிமையில் எழக் கூடாது என்பதை அது நிலைநாட்டியது. அதற்குப் பின் அதிகாரி கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: உன் பெற்றோர் யார்?

ஒரு தலைமுறை மட்டும்

2006 ஜூலையில் லெபனானில் போர் வெடித்தபோது, அங்கிருந்த சுமார் 15,000 பேரைக் கனடிய அரசு கப்பல்களிலும் விமானங்களிலும் வெளியேற்றியது. செலவு 9 கோடி டாலருக்கு மேல். மீட்கப்பட்டவர்களில் சிலர் போர் ஓய்ந்ததும் லெபனானுக்கே திரும்பினார்கள் என்ற செய்தி வந்ததும், ‘வசதிக்குக் கனடியர்கள்’ என்ற ஏளனம் அரசியலில் புழங்கத் தொடங்கியது. 2009 ஏப்ரல் 17 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்தச் சூழலின் பிள்ளை. அது ஒரு கையால் தாராளமாகக் கொடுத்தது: 1947க்குப் பின் பழைய விதிகளால் குடியுரிமை இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அது தானாகவே திரும்பியது. மறு கையால் கதவைச் சாத்தியது. வெளிநாட்டில் பிறந்து வம்சாவளியாகக் குடியுரிமை பெற்றவர், தாமும் வெளிநாட்டில் பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. வெளிநாட்டில் பணியாற்றும் படைவீரர், அரசு ஊழியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு. இரண்டாம் தலைமுறையினர் 28 வயதுக்குள் கனடாவோடு தமக்குள்ள பிணைப்பைக் காட்டித் தக்கவைத்துக்கொள்ளலாம் என்றிருந்த 1977ஆம் ஆண்டின் ஏற்பாடும் நீக்கப்பட்டது.

இந்த விதி ஈழத்தமிழர் குடும்பங்களை உடனே பாதிக்கவில்லை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையருகே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 பேர் தொடங்கி, அகதிகளாக வந்தவர்கள் நிரந்தர வதிவிடம் பெற்று, பின்னர் சத்தியப்பிரமாணம் எடுத்துக் குடிமக்கள் ஆனவர்கள். சட்டம் அவர்களை வம்சாவளியினராகக் கருதுவதில்லை. கனடாவில் பிறந்தவர்களுக்கு நிகராகவே வைக்கிறது. எனவே கனடாவின் ஸ்கார்பரோவில் இருந்து வந்து யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ மணம் முடித்தவருக்கு அங்கேயே பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளை கனடியர்தான்.

இங்கே எல்லாம் தேதியில் இருக்கிறது. தகப்பன் சத்தியப்பிரமாணம் எடுத்த நாளுக்குப் பின் பிறந்த பிள்ளை குடிமகன். அதற்கு முந்தைய நாள் பிறந்திருந்தால் இல்லை. முன்னால் பிறந்த பிள்ளையை ஸ்பொன்சர் செய்து, நிரந்தர வதிவிடம் வாங்கி, பிறகு குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு சட்டப் பிரிவிலும் தங்கை வேறொரு பிரிவிலும் காத்திருப்பது இதனால்தான்.

உறைக்குள் என்ன இருக்கிறது

தங்கையின் நிலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அவள் கனடியக் குடிமகள் என்பதால் அவளை ஸ்பொன்சர் செய்ய முடியாது. நிரந்தர வதிவிடம் வெளிநாட்டவருக்கானது. அதே காரணத்தால் சாதாரண வருகை விசாவும் தர மாட்டார்கள். பாஸ்போர்ட் வாங்கலாம் என்றால், வெளிநாட்டில் பிறந்தவர் என்பதால் குடியுரிமைச் சான்றிதழ் வேண்டும். விசாவுக்கு அவள் குடிமகள், பாஸ்போர்ட்டுக்கு இன்னும் இல்லை. அவசரம் என்றால் தூதரகம் வழங்கும் தற்காலிக ஏற்பாடுகள் உண்டு. அதற்கும் தனியாக ஆதாரம் காட்டி மன்றாட வேண்டும்.

உறைக்குள் போக வேண்டியவை அதிகமில்லை: விண்ணப்பப் படிவம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் கனடியக் குடியுரிமைக்கான ஆதாரம், அடையாள ஆவணங்கள், இரண்டு புகைப்படங்கள், பணம் கட்டிய ரசீது. 35க்கு 45 மில்லிமீட்டர் என்றே கை பழகிய நம் ஊர் ஸ்டுடியோக்காரரிடம் 50க்கு 70 எடுக்கச் சொல்லி, பின்பக்கம் கடையின் பெயரும் தேதியும் போட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அது சில்லறைத் தொல்லை. பெரிய தொல்லை பெயரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடலாம். பெயரைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிப் பெயர்க் கட்டம் காலியாக உள்ள சான்றிதழை வெளிநாட்டு அதிகாரி சந்தேகத்தோடுதான் பார்ப்பார். தந்தையின் கனடிய ஆவணத்தில் அவருடைய அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். பிள்ளையின் சான்றிதழில் அதுவே வெறும் முன்னெழுத்தாக நிற்கும். இரண்டு ஆவணங்களிலும் உள்ள தந்தை ஒருவர்தான் என்று நிரூபிக்கச் சத்தியக் கடதாசி தேவைப்படும்.

‘உன் பெற்றோர் யார்’ என்ற கேள்வியும் தோன்றுவதுபோல் எளியதல்ல. கனடியர் ஒருவரின் மனைவி இந்தியாவில் செயற்கைக் கருத்தரிப்பு மூலம் பெற்ற பிள்ளைக்கு அவருடன் மரபணுத் தொடர்பு இல்லை என்ற வழக்கில், அந்தப் பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமை இல்லை என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்தது. பிறந்தபோதே சட்டப்படி பெற்றோராக இருப்பவரும் பெற்றோரே என்று அரசு தன் விளக்கத்தை மாற்றிக்கொண்டது 2020இல்தான்.

கைக்கு வரும் பொருளும் காலத்தோடு மாறியிருக்கிறது. சட்டைப்பையில் வைக்கக்கூடிய அட்டையாக நெடுங்காலம் இருந்தது, 2012இல் முழுத் தாளானது. 2023 முதல் மின்சான்றிதழாகவும் கிடைக்கிறது. அச்சிட்டு அஞ்சலில் அனுப்பும் நாட்கள் மிச்சமாயின. பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பெற்றோரின் நிலையைச் சரிபார்க்கும் நேரம்தான் முன்பும் அதிகம், இப்போதும் அதிகம்.

1,095 நாட்கள்

ஒரு தலைமுறை வரம்பை ஏழு குடும்பங்கள் ஒன்டாரியோ உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தன. 2023 டிசம்பர் 19 அன்று நீதிபதி ஜாஸ்மின் அக்பரலி அந்த வரம்பு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். வெளிநாட்டில் பிறந்த கனடியரை அது இரண்டாந்தரக் குடிமக்களாக்குகிறது என்பது ஒரு காரணம். பிள்ளை பெறும் வயதில் வெளிநாட்டில் வேலை பார்க்கும் பெண்கள்மீது அது தனிச் சுமை ஏற்றுகிறது என்பது இன்னொன்று. பிரசவத்துக்காக விமானம் ஏறிக் கனடா வர வேண்டிய நிலை தந்தைக்கு ஒருபோதும் வராது. பென்னர் வழக்கு தொட்ட பாலினப் பிரச்சினை கால் நூற்றாண்டு கழித்து வேறு வேடத்தில் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

அரசு மேல்முறையீடு செய்யவில்லை. 2024 மே மாதம் வந்த சட்ட முன்வரைவு, 2025 ஜனவரியில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டபோது காலாவதியானது. நீதிமன்றம் கொடுத்த அவகாசம் திரும்பத் திரும்ப நீண்டது. இடையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அமைச்சரின் சிறப்பு அதிகாரத்தில் குடியுரிமை வழங்கும் இடைக்கால வழி திறக்கப்பட்டது. ஜோ டெய்லருக்குத் திறந்த அதே வாசல். கடைசியில் புதிய முன்வரைவு 2025 நவம்பர் 20 அன்று ஒப்புதல் பெற்று, டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த நாளுக்கு முன் பிறந்த இரண்டாம் தலைமுறையினரும் அவர்களுக்குப் பின்னவர்களும் பொதுவாகத் தாமாகவே குடிமக்கள் ஆனார்கள். அன்றோ அதற்குப் பின்னரோ பிறக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு: வெளிநாட்டில் பிறந்த கனடியப் பெற்றோர், பிள்ளை பிறப்பதற்கு முன் மொத்தம் 1,095 நாட்களாவது கனடாவில் இருந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை.

நியாயமான விதி என்றே நினைக்கிறேன். ஒரு தலைமுறையோடு வெட்டிவிடுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் 1947இன் சட்டம் இரண்டு ஆண்டுக்குள் ஒரு பதிவு கேட்டது. இது பெற்றோரின் பிள்ளைப்பருவம் முதலான நாட்கணக்கைக் கேட்கிறது. கனடா தன் நாட்டைவிட்டு வெளியேறுவோரின் பதிவை முழுமையாகத் திரட்டத் தொடங்கியதே அண்மையில்தான்: தரைவழி எல்லையில் 2019, விமான நிலையங்களில் 2020. அதற்கு முந்தைய நாட்களுக்குப் பள்ளிச் சான்று, வரித் தாக்கல், மருத்துவப் பதிவு, வாடகை ஒப்பந்தம் போன்றவற்றையே நம்ப வேண்டியிருக்கும்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு இனிமேல்தான் வருகிறது. அகதியாக வந்து குடிமகன் ஆனவர் முதல் ஆள். கனடாவின் மார்க்கம் நகரில் பிறந்து, வேலைக்காக லண்டனிலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ குடியிருக்கும் அவருடைய மகளுக்கு அங்கே பிறக்கும் பிள்ளை எந்த நிபந்தனையும் இன்றிக் கனடியர். அந்தப் பிள்ளை வளர்ந்து, தானும் வெளிநாட்டில் பெற்றோராகும்போதுதான் 1,095 நாட்கள் எங்கே என்ற கேள்வி எழும். கோடை விடுமுறைகளில் அம்மம்மா வீட்டில் இருந்த வாரங்களும், டொரண்டோ பல்கலைக்கழகத்தில் படித்த பருவங்களும் அப்போது கூட்டலுக்கு வரும். நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பை விடுமுறைக்கு வெளியே போகாமல் அங்கேயே முடித்தவருக்கு எண்ணிக்கை தாராளமாகத் தேறும். எட்டு மாதம் படித்துவிட்டு நான்கு மாதம் துபாய் திரும்பியவருக்கு, ஏறத்தாழ நான்கரைப் படிப்பாண்டுகள் தேவைப்படும்.