இலெமூரியாவும் கண்டப் பிளவும்

மடகாசுக்கரில் வாழும் இலெமூர் என்னும் விலங்கின் உறவினங்கள் இந்தியாவிலும் உண்மையின், இவ்விரு நிலங்களையும் இணைத்த பெருநிலம் ஒன்று கடலுள் மூழ்கியிருத்தல் வேண்டும் எனக் கருதிய பிலிப் இசுகிளேட்டர், 1864ஆம் ஆண்டில் அதற்கு 'இலெமூரியா' எனப் பெயரிட்டார். இறையனார் களவியலுரையும் அடியார்க்குநல்லார் உரையும் கூறும் கடல்கோட் செய்திகளை அறிந்த தமிழறிஞர் பலர், அவ்விலெமூரியாவையே குமரிநாடு எனக் கொண்டனர். இக்கோள் நிலநூலார் கண்ட உண்மைகட்குப் பொருந்துமா என ஈண்டு ஆராய்வோம்.

இசுகிளேட்டர் காலத்தார், கண்டங்கள் இடம் பெயரா என்றும், கடலுள் தாழவல்லன என்றும் எண்ணினர். அவை பிரிந்து நகர்வன என 1912இல் வேகனர் கூறினார். 1960களில் கடற்றரை ஆராய்ச்சி அதனை நிலைநாட்டியது. மேலோடு இழுபட்டு மெலிந்து தாழும் முறையை 1978இல் மெக்கென்சி கணக்கிட்டு விளக்கினார்.

கண்ட மேலோட்டின் தடிப்பு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். இருபுறமும் இழுக்கப்படுங்கால் அது மெலிகின்றது. மேற்பகுதி துண்டங்களாக முறிந்து சாய்கின்றது. பள்ளத்துள் கடல் புகுகின்றது. இழுப்பு நீடிப்பின் மேலோடு அற்றுப்போக, அடியிலிருந்து எழும் பாறைக்குழம்பு உறைந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தடித்த புதிய கடற்றரையாகின்றது. எனவே, கடலுள் தாழ்வது மெலிந்த விளிம்பேயன்றி முழுக்கண்டம் அன்று.

இந்தியாவும் மடகாசுக்கரும் இங்ஙனம் பிரிந்தது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகட்கு முன்னர். மொரீசியசுத் தீவின் எரிமலைப் பாறையுள் 300 கோடி ஆண்டுத் தொன்மையுடைய சிர்க்கான் மணிகள் உள்ளன என 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இதனை இலெமூரியாவிற்குச் சான்றாக்குவாரும் உளர். அவை பிளவின்போது அறுபட்ட கண்டத்துண்டின் எச்சமே. மாந்தரினம் தோன்றி மூன்று இலட்சம் ஆண்டுகளே ஆயின; ஆதலின் அப்பிளவைக் கண்டு பாடிய புலவர் எவரும் இலர்.

இதனால் கடல்கோள் மரபு முழுதும் பொய் என யாம் கூறவில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன்னர்க் கடல்மட்டம் இன்றினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. தமிழகமும் இலங்கையும் அப்போது ஒரே நிலமாயிருந்தன. பின்னர்ப் பனி உருகக் கடல் ஏறிக் கரைநிலங்களைக் கொண்டது. உரையாசிரியர் குறித்த செய்திகளை ஆராய்வார், இக்கரைநில வரலாற்றையும் தொல்பொருட் சான்றையும் நாடுதல் வேண்டும். இசுகிளேட்டரின் கைவிடப்பட்ட கருதுகோள் தமிழின் தொன்மைக்குத் தூணாகாது. சங்க நூல்களே அதற்குச் சாலும்.