மடியில் கிடந்த வரலாறு

1570இல் ஜான் கேயஸ் என்ற ஆங்கில மருத்துவர் தம் நாட்டு நாய்களைப் பற்றி லத்தீனில் ஒரு சிறு நூல் எழுதினார். ஆறே ஆண்டுகளில் அது ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. வேட்டைக்கு ஒன்று, மந்தைக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று என்று நாய்களுக்குத் தொழில் பிரித்துக்கொண்டே வரும் நூல், சீமாட்டிகள் வளர்த்த குட்டி ஸ்பானியலிடம் வந்ததும் தடுமாறுகிறது. அதற்கு வழங்கிய பெயர்களில் ஒன்றுக்கு ‘ஆறுதல் தருவது’ என்று பொருள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் அதன் உடற்சூடு வயிற்று நோவைத் தணிக்கும் என்று மருத்துவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்த ஆங்கிலப் பதிப்பே இந்த நாய்களைப் பொழுதைப் பாழாக்கும் பெண்களின் விளையாட்டுப் பொருள் என்கிறது. பிள்ளைகளைவிட நாய்களிடம் மகிழ்ச்சி காண்பவர்கள் என்ற வசையும் கூடவே வருகிறது. நோவு உண்டு, அது தணிகிறது என்பதும் உண்மை. அதைத் தணித்துக்கொள்பவள் பெண் என்பதுதான் உறுத்தல்.

தமிழில் ‘மடி’ என்றால் தொடைமேல் குழந்தையை இருத்தும் இடம்; சோம்பலுக்கும் அதே சொல். திருக்குறளின் மடியின்மை அதிகாரம் இந்த இரண்டாவது பொருளைப் பற்றியது. மடிநாயைத் திட்டிய ஐரோப்பிய ஆண்கள் தமிழ் அறியாமலேயே இரண்டு பொருளையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

பெண்ணுக்கு வசையான அதே பழக்கம் அரசனுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். இரண்டாம் சார்லஸ் ஆட்சிப் பேரவையில் காரியத்தைக் கவனிக்காமல் நாயோடு விளையாடிக்கொண்டிருந்ததை 1667இல் சாமுவேல் பெப்பீஸ் எரிச்சலோடு நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அரசனின் படுக்கையறையிலேயே நாய்கள் குட்டி போட்டுப் பாலூட்டின, அரண்மனையே நாறியது என்று ஜான் ஈவ்லின் எழுதுகிறார். எரிச்சலும் நாற்றமும் காலத்தில் கரைந்துபோயின. அந்த நாய்க்கு நிலைத்த பெயர் ‘கிங் சார்லஸ் ஸ்பானியல்’. காலமெல்லாம் அதை மடியில் வைத்திருந்த பெண்களில் ஒருத்தியின் பெயரும் அதில் ஒட்டவில்லை.

ஒட்டியது ஒரு கட்டைவிரல் மட்டும். சிவப்பும் வெள்ளையுமான வகைக்கு ‘பிளென்ஹைம்’ என்று பெயர். சிலவற்றின் உச்சந்தலையில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும். 1704இல் பிளென்ஹைம் போர்க்களத்திலிருந்து கணவர் மார்ல்பரோவைப் பற்றிய செய்திக்காகக் காத்திருந்த சாரா சர்ச்சில், பதற்றத்தில் சினையாக இருந்த நாயின் தலையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தாராம்; பிறந்த குட்டிகளுக்கெல்லாம் அந்தப் பொட்டு இருந்ததாம். கதைதான். ஆனி அரசியின் அரசவையில் அமைச்சர்களே அஞ்சிய சாராவை, கணவனுக்காகக் காத்திருக்கும் ஒரு விரலாகச் சுருக்கிவிட்ட கதை.

விக்டோரியாவின் கதை வேறு மாதிரி. பட்டத்துக்கு வரும் முன்பு, தாயும் தாயின் ஆலோசகர் ஜான் கான்ராயும் விதித்த கட்டுப்பாட்டில் வளர்ந்தவர் அவர். ஒருவர் கையைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்கக்கூட அனுமதி கிடையாது. கான்ராய் 1833இல் தாய்க்குப் பரிசாகத் தந்த டாஷ் என்ற ஸ்பானியலை அந்தப் பெண் தனதாக்கிக்கொண்டாள். 1838 ஜூன் 28, முடிசூட்டு விழா முடிந்து அரண்மனைக்குத் திரும்பியதும் பத்தொன்பது வயது அரசி டாஷைக் குளிப்பாட்டப் போனார் என்பார்கள். எல்லோரும் சிரிப்பதற்காகச் சொல்லும் செய்தி இது. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த வீட்டில் அவளிடம் எதையும் எதிர்பார்க்காத உயிர் அது ஒன்றுதான்.

அந்த நூற்றாண்டிலேயே இந்த நாயின் முகம் மாறத் தொடங்கியது. மூக்கு குட்டையாக வேண்டும், மண்டை குவிய வேண்டும் என்பது நாகரிகமானது. பழைய ஓவியங்களில் இருந்த நீண்ட மூக்கு காணாமல்போயிற்று. 1926இல் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர், ஓவியத்தில் உள்ளது போன்ற நீண்ட மூக்குள்ள ஸ்பானியலைக் கொண்டுவருவோருக்கு லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க்காட்சியில் 25 பவுண்டு பரிசு அறிவித்தார். அறிவித்தது அவர், வேலையைச் செய்தவர்களில் முன்வரிசையில் பெண்களே இருந்தார்கள். ஒதுக்கப்பட்ட ‘பழைய முக’ நாய்களைத் தேடியெடுத்து, இணைசேர்த்து, 1928இல் சங்கம் கூட்டியதில் அமிஸ் பிட் என்பவரின் பங்கு பெரியது. மாஸ்டின் வாக்கர் என்ற பெண்மணியின் ‘ஆன்’ஸ் சன்’ என்ற நாயை முன்னால் நிறுத்தி இனத்தின் இலக்கணத்தை எழுதினார்கள். பழைய வகைக்குக் கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் என்று பெயர். தனி இனமாக அங்கீகாரம் கிடைத்தது 1945இல். நடுவே உலகப்போர். தீனிக்கே பஞ்சமான அந்த ஆண்டுகளில் அமிஸ் பிட்டின் அறுபது நாய்கள் மூன்றாகிவிட்டன.

இந்த எண்களில்தான் சிக்கல் இருக்கிறது. இன்றைய கேவலியர்களின் வம்சவழி பெரும்பாலும் ஆறே நாய்களிடம் போய் முடியும் என்பார்கள். தந்தைக்கு மகள், அண்ணனுக்குத் தங்கை என்று இணைசேர்த்து நிலைநிறுத்திய இனம் இது. மடிக்குத் தமிழில் மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு, தீட்டுப் படாத தூய்மை. கலப்பில்லாத இரத்தம் என்ற சொல் யாருடைய கருப்பையைக் காவல் காத்து உருவாகிறது என்று இந்தத் தொகுப்பை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே அந்தக் காவலைச் செய்தவர்களில் பெண்கள் ஏராளம், அன்போடு செய்தார்கள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

விலையைக் கொடுப்பது நாயின் உடல். இதயத்தின் இடப்பக்க வால்வு தளர்ந்து இரத்தம் பின்னோக்கிக் கசியும் நோய் கேவலியர்களுக்கு மற்ற இனங்களைவிட மிக இளம் வயதிலேயே வருகிறது. ஐந்தாறு வயதுக்குள் ஏறத்தாழப் பாதி நாய்களின் இதயத்தில் முணுமுணுப்பு கேட்கும். பத்து வயதைத் தாண்டினால் அது இல்லாத நாய் அபூர்வம். இன்னொரு நோய் மண்டையில். மூளைக்கு மண்டையோட்டில் இடம் போதாமல் பின்பகுதி பிதுங்குகிறது, தண்டுவடத்துக்குள் நீர்ப்பைகள் உண்டாகின்றன. அந்த நாய் நடந்துகொண்டிருக்கும்போதே கழுத்தருகே காற்றைச் சொறியும்; கால் தோலில் படாது. தலையைத் தொட்டால் கத்தும். விளையாட்டுத்தனம், செல்லக் குணம் என்று பலரும் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது வலியை. கிளேர் ரஸ்பிரிட்ஜ் போன்ற கால்நடை நரம்பியல் மருத்துவர்கள் ஸ்கேன் படங்களோடு அதை விளக்கினார்கள்.

2008இல் ஜெமிமா ஹாரிசன் எடுத்த ஆவணப்படம் பிபிசியில் வந்தது. தண்டுவட நோய் கண்டறியப்பட்ட ஒரு பரிசுநாய் தொடர்ந்து இணைசேர்க்கப்படுவதை அதில் வெளிப்படையாகச் சொன்னவர், கேவலியர் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலேயே இருந்த ஒரு பெண். பிபிசி அடுத்த ஆண்டு முதல் கிரஃப்ட்ஸ் காட்சியை ஒளிபரப்புவதை நிறுத்தியது. சங்கம் கூட்டம் போட்டு அந்தப் பெண்ணைக் குழுவிலிருந்து நீக்கியது. வீட்டு விஷயத்தை வெளியே சொன்னவளுக்கு என்ன நடக்குமோ அதுதான் நடந்தது, பெண்கள் நிறைந்த சங்கத்திலும்.

நார்வேயில் விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. கேவலியர்களை இணைசேர்ப்பது விலங்குநலச் சட்டத்துக்கு எதிரானது என்று 2022இல் ஆஸ்லோ மாவட்ட நீதிமன்றம் சொன்னது. அறிவியல் அடிப்படையில் வேறு இனத்தோடு கலப்பது மாற்றுவழியாகலாம் என்றும் சொன்னது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் வளர்ப்பாளர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அன்புக்குத் தடை என்று அழுதவர்கள் உண்டு. ஏற்கெனவே பிறந்த நாய்களை யாரும் மடியிலிருந்து பறிக்கவில்லை.

அந்த நாய்களோடு வாழ்வது எப்படி? நீண்ட காதுமயிரைச் சிக்கெடுப்பதும் காதின் உட்புறத்தை ஈரமில்லாமல் வைப்பதும் சிறு வேலைகள். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை மாட்ட வேண்டும், கழுத்து இழுபடக் கூடாது. எடை எட்டுக் கிலோவுக்குள் நிற்க வேண்டும். கெஞ்சும் கண்களுக்கு எதிராக நாள்தோறும் நடக்கும் போராட்டம் இது. ஆண்டுதோறும் இதயத்தைக் கேட்கச் செய்ய வேண்டும். வால்வு நோயால் இதயம் பெரிதாகிவிட்ட நாய்களுக்குப் பிமோபெண்டான் மாத்திரை கொடுத்தால் இதயம் செயலிழப்பது சராசரியாகப் பதினைந்து மாதம் தள்ளிப்போகிறது என்று 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

முக்கியமான வேலைக்குப் பொருளே வேண்டாம். நாய் நன்றாகத் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விலா ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். ஏறி இறங்கினால் ஒன்று. ஒரு நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும். தேதி போட்டு நோட்டில் எழுத வேண்டும். எண் கூடிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.