பகுதி ஒன்று: பிரெஞ்சு

சென்னைப் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகளில் இளங்கலை சேருகிறவர்கள் நிரப்பும் கட்டங்களில் ஒன்று 'பகுதி 1'. பகுதி 2 ஆங்கிலம், அதில் வேறு வழி கிடையாது. பகுதி 3 நாம் எதைப் படிக்க வந்தோமோ அது. பகுதி 1-இல்தான் ஒரு கேள்வி இருக்கிறது: தமிழா, வேறு மொழியா? வேறு மொழி என்றால் கல்லூரிக்குத் தகுந்தபடி ஹிந்தி, சமஸ்கிருதம், தெலுங்கு, பிரெஞ்சு என்று ஒரு பட்டியல். பிரெஞ்சு பக்கம் கண் போனதும் சீனியர்கள் சொல்லும் வசனம் எல்லாக் கல்லூரியிலும் ஒன்றுதான். "பிரெஞ்ச் எடுத்துடு. பேஸிக்லேர்ந்து நடத்துவாங்க. ஈஸியா மார்க் வரும்."

அது பொய்யான அறிவுரை இல்லை. பன்னிரண்டு வருஷம் தமிழ் படித்தவரிடம் செய்யுளும் இலக்கணமும் கேட்கிறார்கள். பிரெஞ்சு எடுத்தவரிடம் "உன் பெயர் என்ன, உன் வீட்டில் எத்தனை பேர்" என்று கேட்கிறார்கள். மார்க் எங்கே சுலபமாக வரும் என்று தெரிய பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஆனால் மார்க் என்பது இந்த மொழி நம் ஊரில் பார்த்த கடைசி வேலை. அதற்கு முன் முந்நூறு வருஷமாக அது வேறு வேலைகள் பார்த்திருக்கிறது.

சென்னை–அரக்கோணம் தடத்தில் மணவூரில் ரயிலேறிக் கல்லூரிக்கு வரும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போன தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்தப் பக்கமாகத்தான் போனது. பக்கத்துத் திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். எல்லைப் போராட்டத்துக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது. இங்கே நிறைய வீடுகளில் தெலுங்கு உண்டு. அதை யாரும் பாடமாகப் படித்துக் கற்கவில்லை. சந்தையில், கல்யாணத்தில், சண்டையில் காதில் விழுந்து வந்த மொழி. இப்படிக் காதால் இரண்டு மொழி கற்ற ஊர்க்காரருக்கு, 'பேஸிக்லேர்ந்து' ஒரு மொழி கற்பது என்பதே கொஞ்சம் புதுசு.

மணவூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. 1905-இல் அங்கே ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்தன. மொத்தம் 31 ஏடுகள், இரண்டு மொழிகள். சோழர் குலத்தின் பெருமையையும் வெற்றிகளையும் சமஸ்கிருதம் பாடுகிறது. பழையனூர் கோயிலுக்குப் போவதையும் அதன் எல்லை எங்கே ஓடுகிறது என்பதையும் தமிழ் எழுதி வைக்கிறது. புகழுக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று. ஒரு மொழிக்கு ஒரு காலத்தில் என்ன வேலை கொடுத்திருந்தார்கள் என்று கேட்டால் அதன் வரலாறு பிடிபட ஆரம்பிக்கும். பிரெஞ்சுக்கும் அதே கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம்.

*

பிரெஞ்சுக் கம்பெனி புதுச்சேரியில் காலூன்றியது 1674-இல். அப்போது இந்தக் கடற்கரையில் வெள்ளைக்காரரும் தமிழரும் பேசிக்கொள்ளப் பயன்பட்ட மொழி பிரெஞ்சு இல்லை, போர்த்துகீசியம். முன்னால் வந்தவர்கள் விட்டுப்போன மொழி சந்தை மொழியாக நின்றுவிட்டது. துபாஷிகள், அதாவது இரு மொழி அறிந்த தரகர்கள், பெரும்பாலும் அதில்தான் வியாபாரம் பேசினார்கள்.

1708-இல் கம்பெனியின் தலைமைத் தரகரானவர் நைனியப்ப பிள்ளை. 1716-இல் கவர்னர் எபேர் அவரைக் கைது செய்தார். கலகம் தூண்டினார், பதவியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று வழக்கு. நீதிமன்றத்தின் மொழி பிரெஞ்சு. நைனியப்பருக்கு அது தெரியாது. தமிழில் சாட்சி சொன்னவர்களின் வார்த்தைகள் மொழிபெயர்ப்பாளர்கள் வழியாகப் பிரெஞ்சுக் காகிதத்தில் ஏறின. தங்கள் வாயிலிருந்து வந்ததும் காகிதத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க அவர்களுக்கு வழியில்லை. நைனியப்பருக்குக் கசையடி, சிறை, சொத்துப் பறிமுதல். 1717-இல் சிறையிலேயே இறந்துபோனார்.

குடும்பம் விடவில்லை. மேல்முறையீடு பாரிஸ் வரை போயிற்று, தீர்ப்பு ரத்தாயிற்று. மகன் குருவப்ப பிள்ளை கடல் கடந்து பாரிஸுக்கே போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்துடன் திரும்பி வந்து அப்பாவின் பதவியில் உட்கார்ந்தார். மொழி தெரியாமல் அப்பா செத்தார், மொழி பேசும் தலைநகரத்துக்கே மகன் போனார் என்று இதைச் சினிமாக் கதை மாதிரி சொல்லிவிடலாம். ஆனால் அந்த நியாயத்துக்காக அவர் மதம் மாற வேண்டியிருந்தது, ஆறு மாதத்துக்குக் குறையாத கப்பல் பயணம் போக வேண்டியிருந்தது. அப்படியும் 1724-இல் இளம் வயதிலேயே இறந்தார்.

அதே குடும்பத்து உறவில் வந்தவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய அப்பா திருவேங்கடம் பிள்ளை நைனியப்பரின் மைத்துனர். ஆனந்தரங்கர் 1736-இல் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்து 1761-இல் சாகும்வரை எழுதினார். டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக அவர் பார்த்ததும் பேசியதும் எல்லாம் அதில் இருக்கின்றன. கவர்னரோடு பேசிய பேச்சைக்கூட அவர் தமிழில்தான் எழுதுகிறார். அதுவும் புலவர் தமிழ் இல்லை, கணக்குப்பிள்ளை வீட்டில் பேசுகிற தமிழ். இன்னொரு பக்கம், டூப்ளேயின் மனைவி ழான் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் பேசத் தெரிந்தவர். அந்த அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஆகாது. மொழி தெரிந்த இரண்டு பேர் ஒரே கவர்னரின் காதுக்காகப் போட்டி போட்டால் எப்படி ஆகும்?

அந்தக் காலத்தில் ஐரோப்பிய மொழியைக் கற்றுக்கொடுக்க வகுப்பறை இல்லை. அப்பாவிடமிருந்து மகனுக்கும் மாமாவிடமிருந்து மருமகனுக்கும் சொத்து மாதிரி கைமாறியது. அந்த வீடுகளுக்கு வெளியே இருந்தவர்கள், தங்களைப் பற்றி அந்த மொழியில் என்ன எழுதப்படுகிறது என்று தெரியாமலே இருந்தார்கள்.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிக்கூடம் வந்தது. இன்றைய லிசே பிரான்சேயின் தொடக்கம் 1826. இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிதும் பயன்பட்ட கலவைக் கல்லூரி, வள்ளல் கலவை சுப்பராயச் செட்டியார் பெயரில், 1877-இல். பிரெஞ்சு இப்போது துபாஷி வீட்டுச் சொத்தாக இல்லாமல் பாடமாயிற்று. பாடமானால் பரீட்சை வரும், பரீட்சை வந்தால் வேலையும் வரும்: குமாஸ்தா, ஆசிரியர், வக்கீல்.

அப்படி வந்த வக்கீல் ஒருவர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873-இல் ஐரோப்பியர் மாதிரி காலில் ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார். இந்தியர் உள்ளே வந்தால் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது வழக்கம். நீதிபதி அவர் வாதாடக் கூடாது என்றார். பொன்னுத்தம்பி வழக்கைப் பாரிஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை கொண்டுபோய் ஜெயித்தார். நைனியப்பரின் வழக்கோடு இதை வைத்துப் பாருங்கள். அங்கே ஒருவர் தனக்குத் தெரியாத மொழியில் குற்றவாளி ஆனார். நூற்றைம்பது வருஷம் கழித்து ஒருவர் அதே மொழியில், அந்த மொழியின் சட்டத்தையே எடுத்து, தன் காலில் ஷூ இருக்கும் உரிமையை வாங்கினார்.

1881-இல் வந்த ஓர் ஆணைப்படி இந்தியர்கள் தங்கள் சாதி, சமயச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு குடிமைச் சட்டத்துக்குள் வரலாம், குடும்பப் பெயர் ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். பிரெஞ்சில் 'கதவு' என்று அர்த்தம். முதல் மாதப் பாடத்தில் வகுப்பறைச் சாமான்களின் பெயர் சொல்லிக்கொடுக்கும்போது எந்த மாணவரும் கற்றுவிடும் வார்த்தை அது. அந்தக் கதவு வழியாகப் போனவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் நிறையப் பேர். சொந்த ஊரின் சட்டத்தில் தங்களுக்கு இல்லாத இடத்தை இன்னொரு மொழியின் சட்டத்தில் தேடினார்கள். இந்தோ-சீனாவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். 'சிப்பாய்' என்பதற்கான பிரெஞ்சுச் சொல் அப்படியே தமிழாகிவிட்டது.

1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல். பிரெஞ்சின் பதவி வேலை பெரும்பாலும் அதோடு முடிந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், 1953-இல், சென்னையில் அலியான்ஸ் பிரான்சேஸ் ஆரம்பித்திருந்தார்கள். ஆட்சி போகிற நேரத்தில் வகுப்பு வந்தது.

*

அதே 1953-இல்தான் காஸ்தோன் மொழே என்பவரின் பிரெஞ்சுப் பாடநூல் பாரிஸில் வெளியானது. நீல அட்டை போட்ட அந்தப் புத்தகத்தில்தான் இந்தியக் கல்லூரிகள் பலவற்றில் நெடுங்காலம் பிரெஞ்சு கற்றார்கள். பிறகு சென்னைப் பேராசிரியர்களே எழுதிய பாடநூல்கள் வந்தன. ஆனால் மாறாத ஒன்று உண்டு. தமிழ் பேசும் மாணவருக்கு, தமிழ் தெரிந்த ஆசிரியர், ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு நடத்துவார். 1716-இல் நடுவே போர்த்துகீசியம் இருந்த இடத்தில் இப்போது ஆங்கிலம் இருக்கிறது.

இதனால் யாருக்குக் கஷ்டம்? எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் வகுப்பு என்று பெயர். ஆனால் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர் பூஜ்யத்துக்கும் கீழே தொடங்குகிறார். 'து', 'வு' என்று இரண்டு சொற்களைப் போர்டில் எழுதி, இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே அர்த்தம் எழுதி, ஒன்று 'இன்ஃபார்மல்', மற்றது 'ஃபார்மல்' என்று பத்து நிமிஷம் விளக்குகிறார்கள். நீ, நீங்கள் என்று சொன்னால் பத்து விநாடி. 'நீங்கள்' எப்படி ஒருவருக்கு மரியாதையாகவும் பலருக்குப் பன்மையாகவும் இரட்டை வேலை பார்க்கிறதோ, 'வு'வும் அப்படியே. ஆங்கிலம் தொலைத்துவிட்டது, தமிழ் வைத்திருக்கிறது.

வினைச்சொல்லும் அப்படித்தான். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாறும் மொழியில் வளர்ந்தவருக்கு, பார்ல், பார்லோன், பார்லே என்று மாறுவதில் ஆச்சரியம் எதற்கு? 'போனான்', 'போனாள்' என்று தமிழில் இறந்தகாலம் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். பிரெஞ்சிலும் 'போனாள்' என்று எழுதும்போது கடைசியில் ஓர் எழுத்து கூடும். காதில் வித்தியாசம் கேட்காது, தாளில் தெரியும். ஆங்கிலத்தில் இது தாளிலும் தெரியாது. எண்பதை 'நாலு இருபது' என்றும் தொண்ணூறை 'நாலு இருபது பத்து' என்றும் பிரெஞ்சுக்காரர் எண்ணுவதைக் கேட்டு வகுப்பு சிரிக்கும். நூறு வருவதற்கு முன்பே பெயரில் 'நூறு'வைச் சேர்த்துக்கொண்ட தொண்ணூறு நம்மிடமும் இருக்கிறது, சிரிக்க நமக்கு அவ்வளவு உரிமை இல்லை.

கஷ்டங்களும் இருக்கின்றன. மேசை பெண், புத்தகம் ஆண் என்பது அஃறிணை கண்டவருக்குச் செரிக்காது. அதற்குக் குறுக்குவழி கிடையாது, சொல்லோடு சேர்த்து மனப்பாடம்தான். எழுதி வைத்துவிட்டு உச்சரிக்காத மெய்யெழுத்துகளும் எழுதினபடி படிக்கும் நமக்குத் தொல்லை. ஆனால் எது சுலபம், எது கஷ்டம் என்ற இந்தக் கணக்கே தமிழை நடுவில் வைத்தால்தான் போட முடியும். பிரெஞ்சுக்காரர்கள் தமிழ் கற்க வந்தபோது அதைத்தான் செய்தார்கள். மூசே, துபுய் என்ற இரு பாதிரியார்களின் தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855-லும் 1862-லும் புதுச்சேரியில் அச்சானது. காரைக்காலில் வளர்ந்த ழுலியேன் வேன்சோன் 1879 முதல் பாரிஸில் தமிழ் கற்பித்தார், 1903-இல் பிரெஞ்சிலேயே தமிழ்ப் பாடநூல் எழுதினார். நடுவில் மூன்றாம் மொழி இல்லை.

*

நம் பக்கத்திலிருந்து அப்படி நேராகப் போனவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள். காம்யுவின் நாவல் 1980-இல் 'அந்நியன்' என்று தமிழில் வந்தது. க்ரியா வெளியீடு, வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகச் செய்தது. அடுத்த வருஷம் ச. மதனகல்யாணியும் ஸ்ரீராமும் சேர்ந்து 'குட்டி இளவரசன்'. இந்த வரிசையில் வந்த மொழிபெயர்ப்புகள்தான் பிரெஞ்சின் அந்த ஓசைக்கு 'ழ'வைப் போட்டு ழாக் ப்ரெவெர் என்று எழுதி நம் கண்ணைப் பழக்கின. ஸ்ரீராமுக்குப் பிரெஞ்சு அரசு செவாலியே விருது தந்தது. குருவப்பருக்கு வந்த அதே சொல், இந்தத் தடவை மொழிபெயர்ப்புக்காக.

பகுதி 1 மாணவருக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. பிரெஞ்சில் கதை எழுதுவதற்கென்றே ஓர் இறந்தகாலம் உண்டு, பேச்சில் வராதது, முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுக்காதது. காம்யு அந்த நாவலைப் பெரும்பாலும் அதில் எழுதவில்லை. பேச்சில் வரும் சாதாரண இறந்தகாலத்தில், குட்டிக் குட்டி வாக்கியங்களில் எழுதினார். அதாவது கல்லூரியில் முதல் வருஷம் நடத்துகிற இறந்தகாலத்தில். 'குட்டி இளவரசன்' மூலத்திலோ, அந்தப் பையன் பேசும் முதல் வாக்கியமே மரியாதையில் தொடங்கி ஒருமையில் முடியும். ஆங்கிலத்தில் அது காணாமல் போய்விடும். நீங்கள், நீ தெரிந்தவருக்குக் காது உடனே நிமிரும்.

இப்போது நடப்பது என்ன? 'என் குடும்பம்' என்ற பத்தியை மனப்பாடம் செய்து, வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் தெரியாமல் எழுதி, மார்க் வாங்குகிறோம். தனக்குப் புரியாத பிரெஞ்சுத் தாளில் தன் பெயரைப் போடுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. அன்றைக்கு அதில் ஓர் உயிர் போனது, இன்றைக்கு எதுவும் போகாது, அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. இன்னொரு வினோதமும் உண்டு. பள்ளியில் தமிழே படிக்காமல் கல்லூரியில் பகுதி 1-க்குப் பிரெஞ்சு எடுத்தவர் பகுதி 4-இல் 'அடிப்படைத் தமிழ்' படிக்க வேண்டும். ஒரே வருஷத்தில் இரண்டு மொழிக்கும் எழுத்திலிருந்து ஆரம்பம். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

பிரெஞ்சு எடுக்கலாமா என்று கேட்டால், எடுங்கள். மார்க்குக்காக என்றாலும் பரவாயில்லை, துபாஷிகளும் சும்மா கற்கவில்லை. நோட்டில் ஆங்கில அர்த்தத்துக்குப் பக்கத்தில் தமிழுக்கு ஒரு பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த இறந்தகாலம் நடத்தி முடித்த வாரம், 'அந்நியன்' ஒரு கையிலும் மூலம் ஒரு கையிலும் வைத்து முதல் பக்கத்தைப் படியுங்கள். மணவூரிலிருந்து சென்னைக்கு ரயில் போய்ச் சேருவதற்குள் அந்தப் பக்கம் முடிந்துவிடும்.