கரப்பான்: குழந்தைத் தோல்நோயும் தமிழ் மருத்துவ மரபில் பெற்றோர் நிலையும்

முன்னுரை

தமிழ் மருத்துவ வரலாறு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சித்தர்களையும் அவர்தம் நூல்களையும் மையமாகக் கொண்டே அமைந்துள்ளன. நூலாசிரியர் காலம், பாடவேறுபாடு, மருந்துச் சரக்குகளின் அடையாளம் ஆகியன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. நோயுற்ற குழந்தையைத் தோளில் சுமந்து வைத்தியர் இல்லத்திற்கும் கோயிலுக்கும் அலைந்த தாய் தந்தையர் இவ்வரலாற்றில் எவ்விடம் பெறுகின்றனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. எளிதில் தீராததும், உயிரைப் பறிக்காததும், ஆனால் இரவு உறக்கத்தைக் கெடுப்பதுமான கரப்பான் என்னும் குழந்தைத் தோல்நோயை முன்வைத்து அவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. நோய்க்குக் காரணம் தேடிய மரபு, அக்காரணத்தை யார்மீது ஏற்றியது என்பதே இதன் மையப் பொருள்.

சொல்லும் பொருளும்

குழந்தைகளின் உடலில் தடிப்பு, தினவு, நீர்க்கசிவு, பொருக்கு ஆகியவற்றோடு தோன்றும் தோல்நோய்களைக் கரப்பான் என்னும் பொதுப்பெயரால் தமிழர் வழங்கினர். மருத்துவ நூல்கள் இதனைப் பலவகையாகப் பகுக்கின்றன. மண்டைக் கரப்பான், செங்கரப்பான், கருங்கரப்பான், பொரிகரப்பான், ஓடுகரப்பான் என்பன அவற்றுட் சில. நோய் தோன்றும் இடம், நிறம், வடிவம், பரவும் இயல்பு ஆகியவற்றைக் கொண்டு இப்பெயர்கள் அமைந்துள்ளமை நோக்கத்தக்கது. இவை ஏட்டறிவால் மட்டும் பிறந்த பெயர்கள் அல்ல. நாள்தோறும் குழந்தையை நீராட்டி, எண்ணெய் தேய்த்து, தோலின் மாற்றத்தை உற்றுநோக்கிய கண்களின் பதிவும் இவற்றில் உண்டு எனலாம்.

இச்சொல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்திலும் குழந்தைகளின் தோல்நோயைக் கரப்பன் என்றே வழங்குகின்றனர். நாட்டுமருத்துவச் சொற்கள் இருமொழிக்கும் பொதுவாக நிற்றல், வீட்டு மருத்துவ அறிவு அரசியல் எல்லைகளைக் கடந்து நிலைத்தமையைக் காட்டும்.

பழந்தமிழ்ப் பின்புலம்

சேயையும் தாயையும் ஓர் உடலாகக் கருதிப் பேணும் வழக்கத்திற்குச் சங்க இலக்கியத்திலேயே சான்று உண்டு. நற்றிணையின் 40ஆம் பாடல் மகப்பேறு நிகழ்ந்த மனையைக் காட்டுகிறது. காவலுடைய அம்மனையில் மணி ஒலிக்கிறது. புதல்வன் செவிலியோடு துயில்கிறான். தாய் நெய்யாடி, ஐயவி அணிந்து கிடக்கிறாள். ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகு காப்புப் பொருளாகக் கொள்ளப்பட்டது. புறநானூற்றின் 281ஆம் பாடலில் விழுப்புண்பட்ட வீரனைக் காக்கும் மனையிலும் இதே ஐயவி இடம்பெறுகிறது. பிறந்த குழந்தையின் மனையும் புண்பட்டவன் மனையும் ஒரே வகைக் காப்பைப் பெறுதல், தோல் திறந்துகிடக்கும் நிலையை இடர்மிக்க நிலையாகத் தமிழர் உணர்ந்தமையைக் குறிப்பதாகக் கொள்ளலாம்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்து முடிகிறது. நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு உடனிருந்து உதவுவோனையும் வள்ளுவர் சேர்க்கிறார்; அவனை உழைச்செல்வான் என்கிறார். அன்பு, தூய்மை, சொல்லியவாறு செய்யும் திறம், அறிவு ஆகிய நான்கும் அவனுக்கு வேண்டும் என்பது பரிமேலழகர் உரை தரும் விளக்கம். குழந்தை மருத்துவத்தில் இவ்வுழைச்செல்வார் பெற்றோரே. ஆயினும் பேசவியலாக் குழந்தையின் துன்பத்தை எடுத்துரைப்பவரும் அவரே ஆதலால், நோயாளியின் கூற்றிலும் அவர்க்குப் பங்கு உண்டு. வள்ளுவர் வகுத்த நான்கு கூறுகளுள் இரண்டு ஒருவரிடத்தே வந்து பொருந்துவது குழந்தை மருத்துவத்தின் தனித்தன்மையாகும்.

தாய்ப்பாலும் பழியும்

பாலவாகடம் என்னும் பெயரால் வழங்கும் குழந்தை மருத்துவ மரபு, சேயின் நோய்க்குத் தாயின் உணவையும் பாலின் கேட்டையும் காரணங்களாகச் சுட்டுகிறது. பாலுண்ணும் குழந்தைக்கு நோய் வந்தால் தாய் பத்தியம் காக்க வேண்டும். கத்தரிக்காய், கருவாடு, சோளம் முதலியவற்றைக் கரப்பான் பண்டம் என்று பெயரிட்டு விலக்கும் வழக்கம் இன்றும் தமிழ் இல்லங்களில் உண்டு. ஒரு நோயின் பெயர் உணவின் அடைமொழியாகும் அளவிற்கு இக்கருத்து வேரூன்றியுள்ளது.

இது தமிழ் மரபுக்கே உரிய கருத்தன்று. நேபாளத்தில் கிடைத்த சுவடியைக் கொண்டு 1938இல் அச்சேறிய காசியப சங்கிதை, குழந்தை மருத்துவத்தை முதன்மையாகக் கொண்ட வடமொழி நூல். அதன் பிற்பகுதியில் சர்மதலம் என்னும் குழந்தைத் தோல்நோய்க்குத் தனி இயலே உண்டு. பாலுண்ணும் பருவத்துக் குழந்தையை இந்நோய் பற்றுவதற்குப் பால் தரும் தாயின் குற்றமே காரணம் என அந்நூலும் கருதுகிறது. வடஇந்தியாவில் சீதளா தேவியின் பொருட்டு அடுப்பு மூட்டாமல் பழைய உணவை உண்டு நோன்பிருப்பவரும் தாயரே. குழந்தையின் தோலில் தோன்றும் மாற்றத்திற்குத் தாயின் அடுப்பங்கரையில் விடை தேடுவது இந்தியப் பரப்பு முழுமைக்கும் பொதுவான போக்காக இருந்துள்ளது.

இக்கருத்திற்கு இருமுகம் உண்டு. தாயும் சேயும் பிரிக்கவியலா ஓருடல் என்னும் அரிய உணர்வு ஒன்று. நோய் நீங்காதபோது தாய் வாயைக் கட்டவில்லை என்னும் பழி மற்றொன்று. கரப்பான் இயல்பாகவே தணிந்தும் மீண்டும் பெருகியும் வரும் நோய். ஒவ்வொரு முறை அது திரும்பும்போதும் தாய் உண்ட ஏதோ ஒன்றைச் சுட்டிக்காட்டுதல் எவர்க்கும் எளிது. நோயின் இயல்பே பழியைப் புதுப்பித்துக் கொண்டிருந்தது. அவ்வாறு பழி சுமந்தவளே மருந்தரைத்துத் தந்தவளும் ஆவாள். கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய் முதலியவற்றைக் கல்லில் இழைத்துக் கொடுக்கும் உரைமருந்தும், பிள்ளை வளர்ப்பான் என்று பெயர்பெற்ற வசம்பும் அவள் கைப்பொருள்கள்.

திருத்தலமும் நேர்த்திக்கடனும்

மருந்தால் தீராத நோயுடன் பெற்றோர் சென்றடைந்த இடம் கோயில். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் இதற்கு இருவகை எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. சுந்தரர் தம் உடலைப் பற்றிய பிணி நீங்கத் திருத்துருத்தியில் நீராடி நலம் பெறுகிறார். அது நோயாளி தாமே தேடிய தீர்வு. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவன் முயலகன் என்னும் நோயால் வருந்திய தன் மகளை இறைவன் திருமுன் கிடத்துகிறான். அங்கு வந்த ஞானசம்பந்தர் பதிகம் பாட நோய் நீங்குகிறது. முயலகன் தோல்நோய் அன்று. எனினும் நாடாளும் ஒருவன் மகளைக் கோயிலில் கிடத்திவிட்டுக் காத்திருக்கும் அக்காட்சி, பெற்றோரின் இயலாமையைத் தமிழிலக்கியம் நேர்நின்று கண்ட அரிய இடம். செல்வமும் அதிகாரமும் பயன்படாத நிலையில் அவன் வெறும் தந்தையாக நிற்கிறான்.

தோல்நோய்க்கெனப் பெற்றோர் பெரிதும் நாடிய தலம் புள்ளிருக்குவேளூர் எனப்படும் வைத்தீசுவரன் கோயில். இங்கு இறைவன் வைத்தியநாதன்; இறைவி தையல்நாயகி; மருந்து திருச்சாந்துருண்டை. சித்தாமிர்தத் திருக்குளத்தில் வெல்லம் கரைத்தலும் உப்பும் மிளகும் செலுத்துதலும் இத்தலத்து நேர்த்திக்கடன்கள். வெல்லம் நீரில் கரைவதுபோல் கட்டியும் தடிப்பும் கரையும் என்பது நம்பிக்கை. இங்குக் கோயில்கொண்ட முருகன்மீது 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ், இறைவனையே குழந்தையாக்கிக் காப்பு வேண்டுகிறது. நோயுற்ற குழந்தைகளுடன் மக்கள் வந்துசேரும் ஊரில், தெய்வக் குழந்தைக்குக் காப்புப் பருவம் பாடப்பட்டது என்னும் பொருத்தம் எண்ணத்தக்கது.

இதே தலத்தைப் பற்றிக் காளமேகப் புலவர் பாடியதாக வழங்கும் வசைப்பாடல் ஒன்றும் உண்டு. தனக்கும் மைத்துனனுக்கும் நோய் இருக்கிறது; பிள்ளைக்கோ பெருவயிறு; தன் குடும்பத்து நோயைத் தீர்க்க மாட்டாத வைத்தியன் பிறர் நோயை எங்ஙனம் தீர்ப்பான் என்பது அதன் கருத்து. சிலேடை நயத்திற்காகவே இப்பாடல் போற்றப்படுகிறது. ஆயினும் தன் பிள்ளையின் நோய்முன் மருத்துவனும் வெறும் தந்தையே என்னும் உண்மையும் அந்நகைச்சுவையின் அடியில் உள்ளது. கொல்லிமழவனின் கண்ணீரும் காளமேகத்தின் எள்ளலும் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன.

ஏடும் அச்சும்

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில் மருத்துவ முறைகள் திரட்டப்பட்டன. அவற்றிலிருந்து உருவான சரபேந்திர வைத்திய முறைகள் பின்னர்ச் சரசுவதி மகால் நூலகத்தால் நோய்வகை தோறும் தனி நூல்களாக வெளியிடப்பட்டன. கருப்பிணி, பாலரோகப் பகுதியும் அவற்றுள் அடங்கும். அச்சுக் கட்டுப்பாடுகள் 1835இல் தளர்ந்தபின் மருத்துவச் சுவடிகள் பலவும் நூலுருப் பெற்றன. சென்னை மாகாண அரசு 1921இல் முகம்மது உசுமான் தலைமையில் அமைத்த குழு, உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராய்ந்து 1923இல் அறிக்கை அளித்தது. பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தோன்றியது; சென்னைத் தாம்பரத்தில் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. குழந்தை மருத்துவம் தனித்துறையாகப் பயிலப்படும் நிலை உருவாயிற்று.

இவ்வளர்ச்சியில் ஓர் இழப்பும் நேர்ந்தது. நூல்கள் வைத்தியரை நோக்கிப் பேசின. அரசு ஆவணங்கள் மருத்துவ முறைகளின் தகுதியைப் பேசின. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு, அது கருநீலமாகும் வரை வெயிலில் வைத்தெடுக்கும் முறையை மகளுக்குக் கற்பித்த தாயின் பெயர் எவ்வேட்டிலும் இல்லை. மருந்து நூலில் நின்றது. அதனைப் பூசிய கை நூலுக்கு வெளியே நின்றது.

இன்றைய அறிவு கூறுவது

கரப்பான் என்னும் பொதுப்பெயருள் அடங்கும் நோய்களுள் ஒன்றை மேலை மருத்துவம் 1933இல் அட்டோபிக் டெர்மடைட்டிசு என்று பெயரிட்டது. 1952இல் ஐட்ரோகார்ட்டிசோன் மேற்பூச்சு இதன் மருத்துவத்தில் பெருமாற்றத்தை உண்டாக்கியது. தோலின் புறத்தடுப்பைக் காக்கும் பிலாக்ரின் என்னும் புரதத்திற்குரிய மரபணுவில் ஏற்படும் மாற்றம் இந்நோய்க்கு முக்கியக் காரணிகளுள் ஒன்று என்பது 2006இல் வெளிப்பட்டது. தோலின் ஈரம் காக்கப்படாமையும் அதன் தடுப்பாற்றல் குறைவும் நோயின் அடிப்படை எனத் தெளிவாயிற்று. குழந்தையின் தோலுக்கு எண்ணெயிட்டு மென்மை காத்த பழவழக்கம் இவ்வகையில் முற்றிலும் பொருளற்றதன்று. பிலிப்பைன்சில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வு, இந்நோயுற்ற குழந்தைகளிடம் கனிம எண்ணெயைவிடத் தூய தேங்காயெண்ணெய் மிகுந்த பயன் தந்ததாகக் காட்டியது.

தாயின் உணவு பற்றிய கருத்தோ அத்தகைய ஆதரவைப் பெறவில்லை. காக்ரேன் அமைப்பு 2012இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, தாய் கருவுற்ற காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ சில உணவுகளை விலக்குவதால் குழந்தைக்கு இவ்வகை நோய் வாராமல் தடுக்கலாம் என்பதற்குப் போதிய சான்று இல்லை எனக் கண்டது. கருவுற்ற தாயின் உடல் எடை கூடுவதை இவ்விலக்கு குறைக்கக்கூடும் என்றும் அது குறிப்பிட்டது. குறிப்பிட்ட உணவு ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்ட குழந்தையின் நிலை வேறு. அதனை மருத்துவர் ஆராய்ந்து கூற வேண்டும். ஆராயாது பாலூட்டும் தாயின் தட்டிலிருந்து ஒவ்வோர் உணவாக நீக்குவது, நோயை நீக்காமல் தாயை மட்டும் மெலிவிக்கும்.

முடிவுரை

கரப்பான் குறித்த தமிழ் மரபில் கூரிய நோக்கும், எண்ணெய் முதலிய பயனுள்ள வழக்கங்களும், பழி சுமத்தும் போக்கும் ஒருங்கே காணப்படுகின்றன. இவற்றைப் பிரித்தறிதல் ஆய்வாளர் கடன். மரபு முழுவதையும் போற்றுவோர் தாயின்மீது ஏற்றப்பட்ட பழியையும் சேர்த்தே போற்றுகின்றனர். மரபு முழுவதையும் தள்ளுவோர் தாயின் கையறிவையும் சேர்த்தே தள்ளுகின்றனர். இரண்டிலும் இழப்பவள் தாயே.

பாலவாகடச் சுவடிகளை மறுபதிப்புச் செய்யுங்கால், நோய்க்காரணம் கூறும் பகுதிகளில் தாய் எவ்வாறு பேசப்படுகிறாள் என்பதைத் தனியே தொகுத்தல் பயன்தரும். இல்லங்களில் வழங்கும் மருத்துவ வாய்மொழிகளைத் தொகுப்போர், மருந்தின் பெயரோடு அதனைக் கூறிய பெண்ணின் அனுபவத்தையும் பதிவுசெய்தல் வேண்டும். வள்ளுவர் நான்கனுள் ஒன்றாக வைத்து எண்ணிய உழைச்செல்வாரைத் தமிழ் மருத்துவ வரலாறு இனியேனும் எண்ணுதல் தகும்.