‘கைதி’யில் காட்டப்படாத பின்கதை

லோகேஷ் கனகராஜ் எழுதி இயக்கிய ‘கைதி’ (2019) பற்றிய எழுத்துகளில் மூன்று ‘இல்லை’கள் திரும்பத் திரும்ப வருகின்றன: பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, பிளாஷ்பேக் இல்லை. இவற்றை ஒரே சரட்டில் கோத்து, தமிழ் வணிகப் படத்தின் வழக்கங்களைக் களைந்து அயல்நாட்டு அதிரடிப் படத்தின் கட்டுக்கோப்பை ஏற்ற படம் இது என்று முடிவு கட்டுவது வாடிக்கையாகிவிட்டது. முதல் இரண்டு ‘இல்லை’களில் பெரிய தகராறு எதுவுமில்லை. மூன்றாவதுதான் தவறாக வாசிக்கப்பட்டிருக்கிறது.

பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘அந்த நாள்’ (1954), ‘வீடு’ (1988), ‘குருதிப்புனல்’ (1995) ஆகியவை பாடல் காட்சி இல்லாமலே வந்தவை. ஆகவே அது 2019இன் புதுமையன்று. தவிர, ‘மறுபடியும்’ (1993), ‘என் சுவாசக் காற்றே’ (1999) ஆகிய படங்களின் பாடல்கள் ‘கைதி’க்குள்ளேயே ஒலிக்கின்றன. பாட்டு போகவில்லை, நாயகனின் வாயிலிருந்துதான் இறங்கியிருக்கிறது. கதாநாயகியின் இடத்தில் ஒரு சிறுமி இருக்கிறாள். காப்பகத்தில் வளரும் அமுதா, இதுவரை பார்த்திராத தந்தைக்காகக் காத்திருக்கிறாள். அந்தத் தந்தை ஓட்டும் லாரி எந்தத் திசையில் ஓடினாலும் கதை அவளை நோக்கியே ஓடுகிறது.

வழக்குக்குரிய இடம் டில்லி (கார்த்தி) தன் கதையைச் சொல்லும் காட்சி. விருந்தில் நஞ்சு கலந்த பானத்தைக் குடித்து மயங்கிய காவல் அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு லாரி போகிறது. அதிகாரி பிஜோயின் (நரேன்) கையில் காயம்; ஆகவே ஓட்டுவது டில்லி. வழியில் ஓரிடத்தில் டில்லி பேசுகிறான்: சிறைக்கு முன்பு வாழ்ந்த வாழ்க்கை, மனைவி, அவளைக் காக்கப் போய்ச் சிறைக்குப் போனது, பிறந்த குழந்தை. இவ்வளவையும் சொல்லும்போது படம் ஒருமுறைகூடக் கடந்த காலத்துக்குள் போவதில்லை. முகமும் குரலும் மட்டும். விமர்சகர்கள் பலரும் இந்தக் காட்சியைத்தான் அடக்கத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்டுகிறார்கள்.

எதிலிருந்து அடக்கம்? ‘பாட்ஷா’ (1995) நிலைநிறுத்திய வழி தெரிந்ததே: அமைதியாக இருப்பவனின் பழைய முகத்தை இடைவேளையை ஒட்டித் திறந்து, நீண்ட பின்கதையைக் காட்சியாகவே விரிப்பது. அந்த வழியிலிருந்து ‘கைதி’ விலகுவது உண்மை. ஆனால் விலகிப் போய்ச் சேர்ந்த இடம் அயல் மரபு என்பதற்குப் படத்தில் சான்று கிடையாது. அமெரிக்க முற்றுகைப் படங்களில் வரும் நாயகன் தன் கடந்த காலத்தைப் பெரும்பாலும் இரண்டொரு வாக்கியத்தில் முடித்துக்கொள்வான். டில்லியைப் போல ஒரே மூச்சில் நெஞ்சைத் திறந்து கொட்டமாட்டான். பின்கதை இங்கே நீக்கப்படவில்லை. காட்சியாக இருந்தது பேச்சாகியிருக்கிறது. பேச்சே நிகழ்ச்சியாவது தமிழ்த் திரைக்குப் புதிதா என்ன?

‘பராசக்தி’யின் (1952) நீதிமன்றக் காட்சியை உடனே நினைவுகூரலாம். ஆனால் அந்த ஒப்புமையை அளவோடுதான் வைக்கவேண்டும். குணசேகரன் கூண்டில் நின்று சொல்பவற்றைப் பார்வையாளர் ஏற்கெனவே திரையில் கண்டிருக்கிறார். அவனுடைய பேச்சு தெரிந்த கதைக்கு வாதம் சேர்க்கிறது. டில்லி சொல்வதற்கோ அவனுடைய சொல்லைத் தவிர வேறு சாட்சியில்லை. இந்த வகையில் அக்காட்சி வசனப் படத்தைவிடத் தெருக்கூத்துக்கு நெருக்கமானது. கூத்தில் வேடம் கட்டியவர் திரை விலகி வந்து தாம் யார் என்பதைத் தம் வாயாலேயே சொல்கிறார். கேட்டு வாங்க ஒரு கட்டியக்காரன் இருக்கிறான். லாரியில் அகப்பட்டுக்கொண்ட காமாட்சி (தீனா), படம் நெடுகப் பயமும் வேடிக்கையுமாக அந்த வேலையைத்தான் செய்கிறான். இயக்குநர் கூத்தை மனத்தில் வைத்து எழுதினார் என்று இதற்குப் பொருளில்லை; வடிவங்கள் எழுதுபவர் அறியாமலும் வந்து சேரும். ஆயினும் முற்றுகைப் படத்தின் இலக்கணத்தைக் கொண்டு விளக்க முடியாத இக்காட்சியைக் கூத்தின் இலக்கணம் எளிதாக விளக்கிவிடுகிறது.

இந்த வாசிப்புக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சோதனை கிடைத்தது. இந்தியில் அஜய் தேவ்கன் நடித்து இயக்கிய ‘போலா’ (2023) ‘கைதி’யின் மறு ஆக்கம். அதில் நாயகனின் மனைவியாக அமலா பால் திரையில் தோன்றுகிறார். இருவருக்கும் பாடலும் உண்டு. லாரியும் இரவும் முற்றுகையும் இந்திக்கு இடையூறின்றிப் பெயர்ந்தன. பெயராமல் நின்றது அந்தப் பேச்சு. கட்டுக்கோப்பு அயலிலிருந்து வந்தது என்றால் எங்கும் எளிதில் பெயரக்கூடியதும் அதுவே. பேச்சு பெயராதது அது இங்கத்திய சரக்கு என்பதால்தான்.

செலவைக் குறைக்கவே பின்கதை கைவிடப்பட்டது என்ற மறுப்பு உண்டு. ஏறத்தாழ முழுப் படத்தையும் இரவில் எடுக்கத் துணிந்தவர்கள் இரண்டு நாள் படப்பிடிப்புக்கு அஞ்சினார்கள் என்பது நம்பத்தக்கதன்று. லாரிப் பயணத்துக்கு இணையாக நடக்கும் ஆணையர் அலுவலக முற்றுகை ஜான் கார்பென்டரின் 1976ஆம் ஆண்டுப் படத்தை ஒத்திருக்கிறது என்பதும் சரி. அந்தப் படமே ‘ரியோ பிராவோ’வின் (1959) வழியில் வந்தது. தவிர, முற்றுகைப் பகுதியின் நாயகன் டில்லியல்ல, ஜார்ஜ் மரியான் நடித்த காவலர் நெப்போலியன். அப்பகுதியின் மூலத்தைக் கண்டுபிடித்துவிட்டால் லாரிக்குள் நடப்பது விளங்கிவிடாது.

ஒளிப்பதிவாளர் சத்யன் சூரியனின் பங்கு இவ்வகையில் போதிய கவனம் பெறவில்லை. படம் நெடுக இருட்டு சூழ்ந்திருப்பதால் முகம் ஒன்றே பார்க்கத்தக்க பொருளாகிறது. பகலில் எடுத்திருந்தால் இதே பேச்சு நீளமாகத் தோன்றியிருக்கும். சண்டைப் பயிற்சியாளர்கள் அன்பறிவின் வேலை பரவலாகப் பேசப்பட்ட அளவுக்கு இது பேசப்படவில்லை.

அதே இயக்குநர் ‘லியோ’வில் (2023) பின்கதையைக் காட்சியாக்கினார். அங்கே அதைச் சொல்வது நாயகனல்ல, வேறொரு பாத்திரம். அது உண்மைதானா என்ற ஐயத்துக்கும் இடம் வைக்கப்பட்டது. டில்லி சொன்னதை ‘கைதி’யில் எவரும் ஐயுறுவதில்லை.