ஆஸ்கர் சிறந்த படத் தேர்வு

அமெரிக்கத் திரைப்பட அகாடமியின் உறுப்பினர்கள் வாக்களித்து ஆஸ்கர் விருதுகளைத் தீர்மானிக்கிறார்கள். நடிகர்களை நடிகர்களும் இயக்குநர்களை இயக்குநர்களும் பரிந்துரைப்பார்கள். சிறந்த படத்தைப் பரிந்துரைக்கும் உரிமை எல்லாத் துறையினருக்கும் உண்டு. இறுதிச்சுற்றில் மற்ற பிரிவுகளில் அதிக வாக்கு பெற்றவருக்கே விருது. சிறந்த படத்துக்கு மட்டும், 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து, வேறு முறை: போட்டியிடும் படங்களை உறுப்பினர் தம் விருப்ப வரிசையில் எழுதவேண்டும். எந்தப் படமும் பாதிக்கு மேல் முதலிட வாக்குகள் பெறாவிட்டால், கடைசியில் நிற்கும் படம் நீக்கப்பட்டு, அதன் வாக்குகள் அவரவரின் அடுத்த விருப்பத்துக்குப் போகும். பாதியைத் தாண்டும்வரை இது தொடரும். ஆகவே சிலர் கொண்டாடிப் பலர் வெறுக்கும் படத்தைவிட, பலரின் இரண்டாம் மூன்றாம் இடத்தில் நிற்கும் படம் வெல்ல வாய்ப்புண்டு; துணிச்சலான படைப்புக்கு இது பாதகமே. 2026 விழாவிலிருந்து, ஒரு பிரிவின் படங்கள் அனைத்தையும் பார்த்தவர் மட்டுமே அதில் இறுதி வாக்களிக்கலாம். எப்போதோ வந்திருக்க வேண்டிய விதி இது.